ரசம் போன கண்ணாடியும் நூல்சேலைத் திரையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் பொருள்கள் கண்ணில் படுமுன் நம் முகம்தான் படும். சுவரோரம் பத்துப் பதினைந்து கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். தேக்குச் சட்டம், ஈட்டிச் சட்டம், மேலே கிளியும் கொடியும் செதுக்கியது, நீள்வட்டம், மூன்றாக மடியும் அலங்கார மேசைக் கண்ணாடி, தொப்பி மாட்டும் கொக்கிகளோடு முகப்பில் நின்ற ஆளுயரக் கண்ணாடி. ஒன்றில் முகம் லேசாக நீலம் பாரித்திருக்கும். இன்னொன்றில் இளமஞ்சள் ஏறியிருக்கும். மூன்றாவதில் கன்னம் இருக்கும், நெற்றி இருக்காது. அந்த இடத்தில் கருப்புப் புள்ளிகள் பூத்திருக்கும்.

“எல்லாமே பெல்ஜியம்தான் அக்கா, ஒரிஜினல்” என்பார் கடைக்காரர்.

பெல்ஜியம் என்ற சொல் நம்மூரில் நாட்டின் பெயராக இருந்ததைவிடக் கண்ணாடியின் பெயராக இருந்ததே அதிகம். 19ஆம் நூற்றாண்டில் ஷார்லருவா வட்டாரத்துத் தொழிற்சாலைகள் கண்ணாடி செய்து, செய்ததில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு விற்றன. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற செட்டிநாட்டு நகரத்தார் அதே காலத்தில் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலிப் பளிங்கு வந்தது, கண்ணாடியும் வந்தது. அதன் பிறகு கனமாக, ஓரம் சரிவாகத் தேய்த்து வரும் கண்ணாடி எங்கே செய்ததானாலும் பேச்சில் பெல்ஜியம் கண்ணாடி ஆகிவிட்டது. எனவே கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. வழக்கத்தில் இருக்கும் சொல்லைச் சொல்கிறார். எந்தக் கண்ணாடி எந்தக் காலத்தது என்பதை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள் இப்போது இவற்றைத் தேடி வருகிறார்கள். கூடவே பழைய துணியில் திரை தைத்துப் போடும் ஆசையும் வந்திருக்கிறது. இரண்டு ஆசையும் எனக்கும் உண்டு. பல வீடுகளில் இவற்றைப் பார்த்தும், என் வீட்டில் மாட்டியும், சிலதைக் கெடுத்தும் நான் வந்து சேர்ந்த இடம் இது: கண்ணாடிக்கும் திரைக்கும் வீட்டில் ஒரு வேலை உண்டு, அது வெளிச்சம் சம்பந்தமான வேலை. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே அழைத்துப் போகும். திரை அதை வாசலில் நிறுத்திப் பதமாக்கி அனுப்பும். இந்த வேலை நடக்காத சுவரில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கி மாட்டினாலும் அது சும்மா தொங்கும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனால் இது புரியும். 1850களிலிருந்து 1940கள் வரை கட்டிய அந்தப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக்கட்டாக நீளும். வெளிச்சம் நடு முற்றத்தின் வழியாக, மேலேயிருந்து இறங்கி வரும். முற்றத்துத் தரையில் வெயில் கண்ணைக் கூசும்போது, நாலடி தள்ளிப் பத்தியில் நிழல், அறைக்குள் இருட்டு. அந்த இருட்டுக்குப் பக்கத்தில்தான் கண்ணாடியை உயரத்தில், மேல்விளிம்பு முன்னால் சாயும்படி மாட்டியிருப்பார்கள். நாம் நின்று தலை சீவ அது உதவாது. நிமிர்ந்து பார்த்தால் நம் உச்சந்தலையும் தரையும்தான் தெரியும். ஆத்தங்குடிக் கல்லில் பட்டுத் தெறிக்கும் முற்றத்து வெளிச்சத்தை அந்தச் சாய்ந்த கண்ணாடி வாங்கி எதிர்ப்பக்கம் அனுப்பும். மின்விளக்கு வருமுன் ஓர் எண்ணெய் விளக்கை இரண்டு விளக்காக்கியதும் இதுதான். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் பளபளப்பதால் அந்த வெளிச்சம் வீணாகாமல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதே கண்ணாடியைக் கழற்றி வந்து, தொலைக்காட்சிக்கு மேலே, ஜன்னலே இல்லாத சுவரில் ஆணியடித்து மாட்டுகிறோம். எதிரிலிருக்கும் சோபாவைக் காட்டிக்கொண்டு அது அங்கே இருக்கிறது.

கண்ணாடியின் பின்புறப் பூச்சை நாம் ரசம் என்கிறோம். ரசம் போன கண்ணாடி என்று சொல்லாத தமிழர் இல்லை. அந்த ரசம் பாதரசம். வெனிஸ் அருகே முரானோத் தீவில் 16ஆம் நூற்றாண்டில் தேறிய முறை இது: மெல்லிய வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடிப் பலகையை வழுக்கி இறக்கி, பாரம் ஏற்றி நாள்கணக்கில் வைப்பார்கள். வெள்ளீயமும் பாதரசமும் கலந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியை மூச்சில் வாங்கி வேலை செய்தவர்கள் கை நடுங்கி, பல் உதிர்ந்து போனார்கள். பிரான்ஸ் 1665இல் அரசுத் தொழிற்சாலை தொடங்கி, முரானோத் தொழிலாளிகளை ஆசைகாட்டி வரவழைத்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. 1684இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தில் 357 கண்ணாடிகள் பதித்தார்கள். அவற்றையும் எதிர்ப்பக்கத்து ஜன்னல்களுக்கு நேராகத்தான் வைத்தார்கள்; அரசனின் வீட்டிலும் வேலை வெளிச்ச வேலைதான். அந்தப் பிரெஞ்சுத் தொழிற்சாலையின் வாரிசான செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கிறது.

பாதரசத்துக்கு மாற்று ஜெர்மனியிலிருந்து வந்தது. யூஸ்டஸ் ஃபொன் லீபிக் என்ற வேதியியலாளர் 1835இல், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடிமேல் படியச் செய்யலாம் என்று காட்டினார். அது தொழிலாக வளர்ந்து பாதரசத்தை முழுக்க விரட்ட அந்த நூற்றாண்டே ஆனது. செட்டிநாட்டு வீடுகளின் காலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளி பூசியவையாகவே இருக்கும். பாதரசக் கண்ணாடி எப்போதாவது ஒன்று கிடைக்கலாம். பூச்சில் பாதரசம் ஒழிந்த பிறகும் நம் மொழியில் ரசம் மட்டும் நின்றுவிட்டது.

அடையாளம் காண்பது எப்படி? அந்தக் கடைக்காரரே எனக்குச் சொல்லித் தந்தார். “நகத்தை வச்சுப் பாருங்க அக்கா. உங்க நகத்துக்கும் உள்ளே தெரியுற நகத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாருங்க.” பூச்சு கண்ணாடியின் பின்னால் இருப்பதால் இரண்டு நகமும் தொட்டுக்கொள்ளாது. கண்ணாடி கனக்கக் கனக்க இடைவெளி கூடும். நல்ல பழைய பலகையில் இடது ஓரத்தில் ஓர் அளவும் வலது ஓரத்தில் வேறு அளவும் இருக்கும், ஏனென்றால் வார்த்துக் கையால் இழைத்த பலகை ஒரே கனத்தில் அமைவது அரிது. இன்றைய கண்ணாடி உருகிய வெள்ளீயக் குளத்தின்மேல் மிதந்து உறைவது. பில்கிங்டன் நிறுவனம் 1950களில் கண்டுபிடித்த முறை. அதில் அலை இருக்காது. பழைய கண்ணாடிக்கு எதிரே நின்று தலையை மெல்ல இடம்வலம் ஆட்டினால், பின்னாலிருக்கும் கதவின் நேர்க்கோடு எங்கேயாவது ஓரிடத்தில் நெளியும். ஓரச் சரிவை விரலால் தடவிப் பாருங்கள். கைத்தேய்ப்பு தாழ்வாக, விரலுக்கு அகப்படாமல் வழுக்கும். இயந்திரத் தேய்ப்பில் சரிவு தொடங்கும் கோடு விரலில் உறைக்கும்.

புள்ளிகளும் பேசும். வெள்ளிப் பூச்சு ஓரத்திலிருந்து கெடும். ஈரம் பூச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைந்து, கறையான் ஏறுவதுபோல் கருப்பு உள்ளே ஏறும். கீழ்விளிம்பில் அதிகமாக இருக்கும், ஏனென்றால் துடைக்கும் தண்ணீர் அங்கேதான் போய்த் தங்கும். பாதரசப் பூச்சு வேறு மாதிரி: உப்புப் பரல் தூவியதுபோல் பொடிப்பொடியாக மினுங்கும். காலம் போகப்போகப் பாதரசம் கீழிறங்கி அடிவிளிம்பில் சேரும். அப்படி ஒன்றை வாங்கினால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். பின்புறத்தைச் சுரண்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது, குழந்தை படுக்கும் அறையில் வைக்கக் கூடாது. புள்ளிகள் கண்ணாடி முழுக்க ஒரே சீராக, ஒரே அளவில் பரவியிருந்தால் அமிலம் தெளித்துப் பழசாக்கிய புதுக் கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளலாம். காலம் அத்தனை சமமாகப் பங்கு போடாது.

இந்த நகச் சோதனையில் தோற்காத ஒரு கண்ணாடியும் உண்டு. ஆரன்முளா உலோகக் கண்ணாடியில் இரண்டு நகமும் தொட்டுக்கொண்டு நிற்கும். செம்பும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்து, நாள்கணக்காகத் தேய்த்து மெருகேற்றுவது. மேற்பரப்பே முகம் காட்டும். அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று சொல்லிவருகிறார்கள். கண்ணாடிப் பலகை வருமுன் நம்மிடம் இருந்தது இத்தகைய உலோகத் தட்டுதான். ஆண்டாள் திருப்பாவையில் விசிறியோடு சேர்த்துக் கேட்கும் தட்டொளி இந்த இனத்தைச் சேர்ந்தது.

என் தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான்கடி உயரத்தில் ஒரு தேக்குச் சட்டக் கண்ணாடியை வாங்கினேன். கீழே ஒரு சாண் உயரத்துக்கு ரசம் போயிருந்தது. மேலே முகம் தெரிந்த இடத்தில், சாயங்கால வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் எல்லாமே கொஞ்சம் மென்மையாகத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு, “ரசம் பூசிட்டா புதுசு மாதிரி ஆயிடும்” என்றார்கள். நானும் கேட்டேன். ஒரு பட்டறையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது சட்டம் வார்னிஷ் பூசி மின்னியது. உள்ளே புத்தம் புதுக் கண்ணாடி. “பழசுல பூச்சு நிக்காதுக்கா, அதான் புதுசு போட்டுட்டேன். பளிச்னு இருக்கு பாருங்க” என்றார் அவர். பழையதைக் கேட்டேன். உடைந்துவிட்டது என்றார். நகத்தை வைத்துப் பார்த்தேன். இடைவெளி மிகக் குறைவாக இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. கேட்டதைத்தான் அவர் செய்தார். நான்தான் எதைக் கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்டேன். அன்றிலிருந்து என் முடிவு: பழைய கண்ணாடிக்கு ரசம் பூசக் கூடாது. முகம் பார்க்க வேண்டுமென்றால் குளியலறையில் புதுக் கண்ணாடி இருக்கிறது. பழையது வெளிச்சத்துக்காக இருக்கட்டும். பாதி ரசம் போன கண்ணாடியும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அதுவும் கூசாமல்.

எங்கே மாட்டுவது? ஜன்னலுக்கு நேர் எதிரே என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வடக்கு ஜன்னலானால் சரி. மேற்கு ஜன்னலானால் மூன்று மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது, சூரியன் இரண்டாகிவிடும். ஜன்னலுக்குப் பக்கச் சுவர்தான் எனக்குப் பிடித்த இடம். வெளிச்சம் சாய்வாக வந்து விழுந்து அறையின் உள்கோடிக்குப் போகும், கண்ணில் அடிக்காது. இரண்டு படுக்கையறைக் குடியிருப்புகளில் நடையின் கடைசியில் ஒரு குருட்டுச் சுவர் இருக்குமே, கூடத்து ஜன்னல் வெளிச்சம் அதுவரை எட்டிப் பார்க்குமானால், அந்தச் சுவர் ஆளுயரக் கண்ணாடிக்கென்றே கட்டியது. வாஸ்து பார்ப்பவர்கள் வடக்கும் கிழக்கும் சொல்வார்கள், கட்டிலுக்கு எதிரே வேண்டாம் என்பார்கள். கடைசியதை வாஸ்து பார்க்காதவர்களும் கேட்கலாம். அரைத்தூக்கத்தில் விழித்து, ரசம் போன கண்ணாடியில் அசைவு கண்டால் யாருக்கும் பகீரென்றிருக்கும். ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். முழு உருவமும் தெரிய ஆளுயரக் கண்ணாடி தேவையில்லை. நம் உயரத்தில் பாதி போதும், எவ்வளவு தள்ளி நின்றாலும் அதே பாதிதான். ஐந்தரை அடி ஆளுக்கு இரண்டேமுக்கால் அடி. சின்ன வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

எடையை யாரும் கணக்கிடுவதில்லை. 4 அடிக்கு 2 அடி, 6 மில்லிமீட்டர் கனம் என்றால் கண்ணாடி மட்டும் 11 கிலோ. தேக்குச் சட்டமும் சேர்ந்தால் அதில் இன்னும் பாதி கூடிவிடும். பழைய வீட்டுச் செங்கல் சுவர் தாங்கும். இன்றைய இலகு கற்சுவரில் சாதாரண ஆணி பொரபொரவென்று கழன்று வரும்; அந்தக் கல்லுக்கென்று விற்கும் திருகாணியைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய தச்சர்கள் செய்ததுபோல் கீழ்விளிம்பை ஒரு கட்டையின்மேல் உட்காரவைத்து, மேலே சங்கிலியால் பிடித்துக்கொள்வது எந்தச் சுவருக்கும் நல்லது. பாரத்தைக் கட்டை தாங்கும், சாய்வைச் சங்கிலி தீர்மானிக்கும். பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு ஒரு விரற்கடை இடம் விடுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இதைச் செய்யாவிட்டால் ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் குடித்த ஈரத்தைக் கண்ணாடி குடிக்கும்.

துணிக்கு வருகிறேன். இங்கே கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. கண்ணாடி அங்கிருந்து இங்கே வந்தது என்றால், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே திரைத்துணி இங்கிருந்து அங்கே போனது. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை நீளும் சோழமண்டலக் கரையில், சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கொண்டு பூவும் கொடியும் எழுதிய பருத்தித் துணி ஐரோப்பியப் படுக்கையறைகளில் தொங்கியது. லண்டன்வாசியான சாமுவேல் பெப்பீஸ் 1663 செப்டம்பரில் மனைவியின் அறைச் சுவருக்கு அடிக்க அப்படி ஒரு துணி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். துவைத்தாலும் சாயம் போகாத இப்படிப்பட்ட பூத்துணியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் உடுத்தவும் வீட்டில் தொங்கவிடவும் கூடாது என்று சட்டமே செய்தது, 1774இல்தான் விலக்கியது. நாடக நடிகர் டேவிட் கேரிக்குக்குக் கல்கத்தாவிலிருந்து பரிசாகப் போன மசூலிப்பட்டினக் கட்டில் திரைகளைச் சுங்கத்தார் பறித்துக்கொண்டார்கள். இன்று அவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் நியூமில்ன்ஸ், டார்வெல் ஊர்களில் நெய்யும் சல்லடை போன்ற ஜன்னல் திரைத்துணிக்கு இன்றும் ‘மெட்ராஸ்’ என்று பெயர். நம்மூரில் திரை வாங்கப் போய் ஐரோப்பிய மாதிரி என்று சொல்லி விற்கும் பூப்போட்ட பாலியெஸ்டரைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து மனம் கனக்கும். அந்தப் பூ இங்கிருந்து போனது.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மூன்று வகை எழினி, அதாவது திரை, வருகிறது. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுத்து மூடுவது. பொருமுக எழினி இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது. கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது. இன்று கடையில் ஒற்றைத் திரை, ஜோடித் திரை, சுருட்டுத் திரை என்று விற்பவையும் இந்த மூன்றேதான். ஆனால் அது ஆடரங்கு. வீட்டு ஜன்னலுக்கு நம் வெயிலில் துணி தேவைப்பட்டதில்லை. கோடையில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். தாழ்வாரத்தில் மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ இறங்கும். துணி என்று வந்தது பிறகுதான். ஸ்பிரிங் கம்பியை இரண்டு கொக்கியில் இழுத்து மாட்டி, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்ட அரைத்திரை. தெருவில் போகிறவர் கண் உள்ளே விழாது, மேல்பாதியில் காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும். இதைவிடப் புத்திசாலித்தனமான திரையை நான் எந்த நாட்டுப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பழைய பாணி வேண்டும் என்பவர்கள் கூரையிலிருந்து தரைவரை புரளும் கனத்த வெல்வெட்டைத் தேடுகிறார்கள். பனிக்காற்றைத் தடுக்கக் குளிர்நாட்டில் பிறந்த திரை அது. நம் வீட்டில் அது தூசியையும் புழுக்கத்தையும் சேர்த்துவைக்கும்.

பழைய திரை என்று ஒன்று கடையில் கிடைக்காது. வெயிலில் தொங்கிய துணி நூறாண்டு நிற்காது. நமக்குக் கிடைப்பது பழைய துணி. அதைத் திரையாக்க வேண்டும். பெட்டிக்குள் தூங்கும் அம்மாவின் பட்டுச்சேலையை எடுத்து ஜன்னலில் போடுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். பட்டுக்கு வெயில் எமன். இரண்டு கோடையில் மடிப்புக்கு மடிப்பு கிழியும், வெள்ளிச் சரிகை கருக்கும். நூல்சேலை தாங்கும். காரைக்குடிக் கண்டாங்கியின் பெருங்கட்டம், சுங்குடிப் புள்ளி, வெளுத்த சின்னாளபட்டி, எதுவானாலும் துவைத்துத் துவைத்து இளகிய நூல்சேலையின் வழியாக வரும் காலை வெளிச்சத்துக்கு ஈடாகக் கடையில் எதுவும் விற்பதில்லை. நிழலில் கட்டம் தரையில் விழும். காற்றடித்தால் கட்டம் அசையும்.

அளவும் பொருந்தி வருகிறது. சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 47 அங்குல அகலம். திரை சுருக்கத்தோடு விழ ஜன்னல் அகலத்தைப்போல் இரு மடங்கு துணி வேண்டும். 4 அடி அகலக் கதவு ஜன்னலுக்குச் சேலையை நடுவில் வெட்டினால் இரண்டு பாளம், ஒவ்வொன்றும் இரண்டேமுக்கால் மீட்டர். மடித்துத் தைத்தது போக ஏழடிக் கதவுக்கு மிச்சமே இருக்கும். வெட்ட மனம் வராதவர்கள் சேலையை அப்படியே கம்பியின்மேல் பாதியாக மடித்துப் போட்டு, கவ்வும் பித்தளை வளையத்தால் பிடித்துக்கொள்ளலாம். இரண்டடுக்குத் திரை ஆயிற்று; வேண்டும்போது எடுத்து உடுத்தியும் கொள்ளலாம். ஓட்டை போட்டு உலோக வளையம் அடிக்கும் முறை பழைய துணிக்கு ஆகாது. ஓட்டையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். துணியிலேயே நாடா தைத்துக் கோக்கலாம். பின்னால் வெள்ளை மல் துணியில் ஓர் அடுக்கு கொடுத்தால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும், சேலை பிழைக்கும். கஞ்சி மட்டும் வேண்டாம். கஞ்சி போட்ட துணி பூச்சிக்குப் பந்தி. பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்துவது போதும்.

புதிதாகவே வாங்க விரும்புவோருக்குக் கரூர் இருக்கிறது. திரையும் படுக்கை விரிப்பும் நெய்து உலகத்துக்கு அனுப்பும் ஊர். கும்பகோணம் அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலங்காரி இன்னும் எழுதுகிறார்கள். தேருக்கும் கோயிலுக்கும் தொம்பை தைக்கும் தஞ்சை வட்டாரத்து ஒட்டுத்துணிக் கைகாரர்கள் வீட்டு வாசலுக்குக் கேட்டாலும் தைத்துத் தருவார்கள். அவர்களிடம் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். கோயிலில் தொங்கிய பழையதை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கண்ணாடியும் திரையும் ஒரே அறையில் சேரும்போது ஒரு விதி பிறக்கிறது. கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதை இரண்டாக்கும். பெரிய பூத்திரைக்கு எதிரே பெரிய கண்ணாடி வைத்தால் அறை முழுக்கப் பூ கொட்டிக் கிடக்கும், உட்கார இடம் இருக்காது. செதுக்கு வேலை நிறைந்த சட்டத்துக்கு எதிரே வெறும் வெள்ளை அல்லது ஒற்றை நிறத் திரை. எளிய சட்டத்துக்கு எதிரே கட்டம் போட்டது. இரண்டில் ஒன்றுதான் பேச வேண்டும். வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையை நினைத்துக்கொள்கிறேன். 1872 தைப்பூசம் முதல் அங்கே காட்டப்படும் ஜோதிக்கு முன்னால் ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் ஏழு நிறத்தில் ஏழு திரைகள். திரைகள் விலக விலகத்தான் கண்ணாடிக்கு வேலை. சபையை வீட்டோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் கண்ணாடியையும் திரையையும் சேர்த்து வைத்து, இரண்டையும் வெளிச்சத்துக்காக மட்டுமே பயன்படுத்திய இடம் நம் மண்ணில் அது.

இனி, மனதை உறுத்துவது. இந்தக் கண்ணாடிகள் எங்கிருந்து வருகின்றன? 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். சுதந்திரம் அடைந்த பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. செட்டிநாட்டின் வருமானம் அறுந்தது. ஒரு வீட்டுக்கு இன்று பங்காளிகள் பத்துப் பேர், முப்பது பேர், இன்னும் மேலே. பராமரிக்க ஆளில்லாத வீடு இடிபடும்போது தூண் ஒரு லாரியில், நிலைக்கதவு ஒரு லாரியில், கண்ணாடி ஒரு லாரியில் போகும். 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இடிபடுவது அதனால் நிற்கவில்லை. வாங்குவது இடிப்பை ஊக்குவிக்கிறதா, இடிந்ததைக் காப்பாற்றுகிறதா? நிற்கும் வீட்டிலிருந்து கழற்றியது என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. வீடு விழுந்துவிட்டதென்றால் வாங்குகிறேன். எந்த ஊர், எந்தக் கட்டு என்று கேட்டுப் பின்பலகையில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். கடைக்காரர்கள் கேட்டால் சொல்லத் தயங்குவதில்லை, கேட்பவர்தான் குறைவு. சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது எங்கள் ஆச்சியின் கண்ணாடி. இரண்டடிக்கு ஒன்றரை அடி, ஈட்டிச் சட்டம், வலது மூலையில் ரசம் போனது. இடி மின்னல் வந்தால் ஆச்சி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவாள். கீழ்விளிம்பில் ஒட்டுப்பொட்டுகளின் பசை வட்டவட்டமாக, ஏழெட்டு. நான் சுரண்டவில்லை. கூடத்து ஜன்னலுக்குப் பக்கச் சுவரில், கட்டையின்மேல் உட்கார்ந்து, சங்கிலியில் லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது. ஜன்னலில் அவளுடைய கண்டாங்கி, அரைத்திரையாக.

மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது இரண்டையும் இறக்குவேன். கண்ணாடியின் பின்னால் கை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன், தக்கைகளை மாற்றுவேன். முகப்பை விபூதி தொட்ட உலர்ந்த துணியால் துடைப்பேன். தண்ணீரைக் கிட்டே விடுவதில்லை. திரையை அலசிக் காயவைத்து, தலைகீழாகத் திருப்பிக் கம்பியில் கோப்பேன். போன வருஷம் வெயில் குடித்த பக்கம் இந்த வருஷம் கீழே, நிழலில் இருக்கும்.